மணிக்கட்டில் ஒட்டும் கடதாசிப் பட்டி: இரவு விடுதி, பாலியல் தொழில், நம் வீட்டு உறவு பற்றி ஓர் எளிய விளக்கம்

களுவாஞ்சிகுடிப் பக்கமிருந்து ஒரு தங்கச்சி என்னைத் தேடி வந்தார். வயது முப்பதுக்குள் இருக்கும். தோள்பையிலிருந்து சின்னப் பொலித்தீன் பை ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார். உள்ளே, மணிக்கட்டைச் சுற்றி ஒட்டும் பச்சைக் கடதாசிப் பட்டி ஒன்று. தண்ணீரில் ஊறி எழுத்தெல்லாம் அழிந்திருந்தது.

“இதென்னக்கா? உடுப்புக் கழுவ எடுக்கக்குள்ள அவர்ர களிசான் பொக்கட்டுக்குள்ள கிடந்திச்சி. கூட்டாளிமாரோட அருகம்பேக்குப் போனவர். கேட்டா ஒண்டுமில்ல எண்டுறார். மறுகா நான் என்ன நினைக்கிற?”

அந்தப் பட்டி என்ன என்பதைச் சொல்வது சுலபம். சீசன் காலத்தில் கடற்கரைப் பார்ட்டிகளில் உள்ளே போகக் காசு கட்டியவர்களுக்கு அடையாளமாகக் கையில் ஒட்டிவிடுவார்கள். பட்டிக்கு அவ்வளவுதான் பொருள். ஆனால் அவர் மூன்று இரவு தூங்கவில்லை. பார்ட்டி, குடி, வெள்ளைக்காரப் பெண்கள், காசுக்கு வரும் பெண்கள், எயிட்ஸ், விவாகரத்து, பிள்ளைகளின் எதிர்காலம் எல்லாம் அவர் தலைக்குள் ஒரே முடிச்சாக விழுந்திருந்தன.

உளவளத்துணை வேலையில் நான் பல வருடமாக இருக்கிறேன். இந்த முடிச்சோடு வருகிறவர்கள் நிறையப் பேர். ஆண்களும் வருகிறார்கள், கலியாணம் பேசி வைத்திருக்கும் பிள்ளைகளும் வருகிறார்கள். யாரும் நமக்கு இதைச் சொல்லித்தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் ஆசிரியர் பக்கத்தைத் தாண்டிப் போனார், வீட்டில் அம்மா பேச்சை மாற்றினார். அதனால் ஆரம்பத்திலிருந்தே சொல்கிறேன். அந்தத் தங்கச்சியும் கணவரும் தங்கள் கதையை எழுதச் சம்மதம் தந்தார்கள். அடையாளம் தெரியாதபடி சிலதை மாற்றியிருக்கிறேன்.

முடிச்சில் மூன்று நூல்

முதல் நூல் இரவு வாழ்க்கை. இருட்டிய பிறகு பெரியவர்கள் குடிக்க, ஆட, பாட்டுக் கேட்க, ஆட்களைச் சந்திக்கப் போகும் இடங்கள் எல்லாம் இதில் அடங்கும். நம் மட்டக்களப்பு டவுன் வெள்ளனவே அடங்கிவிடும் ஊர். கல்லடிக் கடற்கரையில் கச்சான் சாப்பிட்டு, பழைய பாலத்தில் காற்று வாங்கிவிட்டு வீடு திரும்புவதுதான் பெரும்பாலோரின் இரவு. பாசிக்குடாவில் 2009க்குப் பிறகு எழுந்த ஹோட்டல்களில் பார்கள் இருக்கின்றன. பொத்துவிலுக்குப் பக்கத்தில் அருகம்பேயில் மே முதல் ஒக்டோபர் வரை அலைச்சறுக்குச் சீசன். அந்த மாதங்களில் அங்கே இரவும் விழித்திருக்கும். கொழும்பில் வேலை செய்யும் நம் பிள்ளைகளுக்குக் கிளப், கரோக்கி, கசினோ எல்லாம் கைக்கெட்டும் தூரம். இந்த இடங்களுக்குப் போவதற்கும் காசு கொடுத்து ஒருவரின் உடலைத் தேடுவதற்கும் நடுவில் நிறையத் தூரம் இருக்கிறது. போகிறவர்களில் பெரும்பாலோர் குடித்து, ஆடி, கால் மணலோடு வந்து படுத்துவிடுகிறவர்கள்.

இரண்டாவது நூல் பாலியல் தொழில். வயது வந்த ஒருவர் காசுக்காகப் பாலுறவுக்குச் சம்மதிப்பது. பெண்கள் அதிகம், ஆண்களும் திருநங்கைகளும் உண்டு. லாட்ஜ் அறை, மசாஜ் நிலையம் என்று பலகை போட்ட வீடு, இப்போது கைப்பேசி. விளம்பரம், பேச்சு, காசு எல்லாம் போனிலேயே முடிகிறது. நேரில் சந்திக்காமல் வீடியோ அழைப்பிலேயே நடப்பதும் இதில் ஒரு கிளை.

மூன்றாவது நூல் சுரண்டல். கடன், மிரட்டல், ஏமாற்று, அடி ஆகியவற்றால் ஒருவரை இதற்குள் தள்ளுவது. பதினெட்டு வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை என்றால் சம்மதம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அது பாலியல் தொழில் ஆகாது, சிறுவர் துஷ்பிரயோகம். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையில் அதற்கு 5 முதல் 20 வருடம் வரை சிறைத்தண்டனை இருக்கிறது. அப்படி ஒரு பிள்ளையைப் பற்றித் தெரியவந்தால் 1929க்கு அழையுங்கள். அங்கே யோசிக்க ஒன்றுமில்லை.

இந்த மூன்றையும் நாம் “கெட்ட பழக்கம்” என்ற ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். அதனால் நடக்கும் அநியாயத்தை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாசிக்குடாப் பக்க ஹோட்டல் ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை செய்த பிள்ளை. இரவு முறை வேலை, முடிய ஹோட்டல் வேனில் வீட்டு வாசலில் இறங்குவார். பேசி முடித்த கலியாணம் நின்றுபோனது. மாப்பிள்ளையின் தாய் சொன்ன காரணம், “ராவையில வேலை செய்யிற பிள்ள.” அந்தப் பிள்ளை சிரித்து ‘குட் ஈவினிங்’ சொல்லிச் சாவி கொடுத்ததைத் தவிர வேறொன்றும் செய்ததில்லை. மாப்பிள்ளைக்கு அவர் மேல் உண்மையிலேயே விருப்பம் இருந்தது. தாயிடம் எதிர்த்துப் பேச அவரிடம் சொற்கள் இருக்கவில்லை. ஹோட்டல் வேலை என்றால் இது, இரவு வேலை என்றால் அது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்திருந்தால் அந்த இரண்டு பேரும் இன்று சேர்ந்திருப்பார்கள் என்று இன்னமும் நினைக்கிறேன்.

சட்டம் என்ன சொல்கிறது

சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வயது வந்த ஒருவர் காசுக்கு உடலுறவு கொள்வதே குற்றம் என்று நேரடியாகச் சொல்லும் பிரிவு இலங்கையில் இல்லை. ஆனால் அதைச் சுற்றியுள்ள எல்லாம் குற்றம். பொது இடத்தில் நின்று வாடிக்கையாளரை அழைப்பது குற்றம். அதற்கான சட்டம் 1841இல் வெள்ளைக்காரன் எழுதியது, வீடுவாசலின்றி அலைகிறவர்களை அடக்க வந்த கட்டளைச் சட்டம். விபச்சார விடுதி நடத்துவது குற்றம். அதற்கு 1889இல் வந்த கட்டளைச் சட்டம். ஒருவரை இதற்காகக் கூட்டிக்கொடுப்பதும் கடத்துவதும் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ்ப் பாரிய குற்றங்கள்.

பொலிஸ் சுற்றிவளைப்புச் செய்தி வந்தால் கவனித்துப் பாருங்கள். எத்தனை பெண்கள் கைது, எந்த வயது, எந்த ஊர் என்று எழுதியிருப்பார்கள். வந்த ஆண்களைப் பற்றி ஒரு வரிகூடச் சிலவேளை இருக்காது. காசு கொடுத்தவர் முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார். சுவீடன் 1999இல் இதைத் தலைகீழாக்கியது. அங்கே விற்பவர்மேல் குற்றமில்லை, வாங்குபவர்மேல்தான் குற்றம். நியூசிலாந்து 2003இல் வேறு வழி எடுத்து, வயது வந்தவர்களின் பாலியல் தொழிலைக் குற்றப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டது. எது சரி என்ற சண்டை உலகம் முழுக்க இன்னும் நடக்கிறது. நம் சட்டமோ நூற்றாண்டு தாண்டிய பழசு. அதன் பாரம் பலவீனமான பக்கத்தில்தான் விழுகிறது என்பது என் முடிவு.

கலியாணத்தைப் பொறுத்தவரை, பிறர்மனை சேர்தல் நம் பொதுச் சட்டத்தில் சிறைக்குப் போகும் குற்றம் இல்லை. ஆனால் 1907ஆம் ஆண்டின் விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ் விவாகரத்துக் கேட்க அது ஒரு காரணம். காசு கொடுத்துப் போனதும் அதில் அடங்கும். முஸ்லிம் சகோதரர்களுக்குத் தனிச் சட்டமும் காதி நீதிமன்றமும் இருக்கின்றன. விளக்கம் தேவைப்பட்டால் சட்ட உதவி ஆணைக்குழுவில் இலவசமாகக் கேட்கலாம்.

அந்தப் பக்கம் இருப்பவர்

கணவர் போனார் என்று தெரிந்ததும் மனைவியின் கோபம் முதலில் பாய்வது அந்த மற்றப் பெண் மேல். அவர் யார் என்று ஒரு நிமிடம் பார்ப்போம். ஏனென்றால் அவரும் நம் ஊர்ப் பெண்ணாக இருக்கக்கூடும்.

என்னிடம் பேசிய சிலரில் ஒருவர் போரில் கணவரை இழந்தவர். இன்னொருவர் வாரக் கடன் கட்ட முடியாமல் நின்றவர். நுண்கடன் நம் மாவட்டங்களில் எத்தனை வீட்டு முற்றத்தை அழ வைத்தது என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. 2022 பொருளாதார நெருக்கடியில் தையல் ஆலை வேலை போன ஒருவரும் இருந்தார். சொந்த ஊரில் இந்த வேலை செய்ய முடியாது, முகம் தெரியும். அதனால் பஸ் ஏறி வேறு மாவட்டத்துக்குப் போவார்கள். வீட்டில் “சாப்பாட்டுக் கடையில வேலை” என்று சொல்வார்கள். பிள்ளைக்கு ஞாயிற்றுக்கிழமை வட்ஸ்அப்பில் முகம் காட்டுவார்கள். விரும்பித்தான் செய்கிறேன், மேசன் வேலையை விட இதில் காசு இருக்கிறது என்று நேராகச் சொன்ன ஒருவரையும் சந்தித்தேன். அவருடைய சொல்லையும் நான் நம்புகிறேன்.

இவர்களுக்கும் காதலர் உண்டு, கணவர் உண்டு. அவர்களில் ஒருவர் சொன்னதுதான் இந்த விடயத்தைப் பற்றிய என் எண்ணத்தையே மாற்றியது. “வாற ஆக்கள் எல்லாருக்கும் கொண்டம் கட்டாயம் அக்கா. அவருக்கு மட்டும் இல்ல. அவருக்கும் போடச் சொன்னா, அவரும் அவங்களும் ஒண்டு எண்டு ஆகிரும் தானே.”

நன்றாக யோசித்துப் பாருங்கள். ஆணுறை இல்லாமல் இருப்பதுதான் அவருக்கு அன்பின் அடையாளம். இது அவருக்கு மட்டுமா? நம் வீடுகளிலும் அப்படித்தான். கலியாணமான மறுநாளிலிருந்து ஆணுறை என்பது குடும்பக் கட்டுப்பாட்டுக்கு மட்டும். கொழும்பிலோ கட்டாரிலோ இப்படி ஒரு தவறு செய்த கணவர் வீட்டுக்கு வந்து மனைவியிடம் “இன்றைக்குப் பாதுகாப்போடு” என்று சொல்ல முடியுமா? சொன்னால் அதுவே ஒப்புதல் வாக்குமூலம். அதனால் வாய் திறக்காமல் இருந்துவிடுகிறார். வளைகுடாவுக்குப் போகும்போது எச்.ஐ.வி. உட்பட மருத்துவப் பரிசோதனை எல்லாம் நடக்கும், திரும்பி வரும்போது யாரும் கேட்பதில்லை. நம்பிக்கையைக் காப்பாற்றுகிறேன் என்று நினைத்து, நம்பியவரின் உடம்பையே ஆபத்தில் வைக்கிறார். இத்தனை வருட வேலையில் நான் சந்தித்த மிகக் கொடுமையான முரண் இதுதான்.

உறவுக்குள் என்ன நடக்கிறது

தமிழுக்கு இது புதிய விடயம் இல்லை. பழைய ஐந்திணையில் வயலும் வயல் சார்ந்த இடமும் மருதம். நம் மண்ணும் அதுதான். மருதத்தின் உரிப்பொருள் ஊடல். அந்த ஊடலுக்குக் காரணம் தலைவன் பரத்தையிடம், அதாவது விலைமகளிடம் போனது. திரும்பி வரும் தலைவன் நேரே உள்ளே வரமாட்டான். பாணனை, தோழியைத் தூது அனுப்புவான். அவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தலைவி மறுத்தால் அது வாயில் மறுத்தல். இரண்டாயிரம் வருடத்துக்கு முன்பே இதற்குப் பெயர் வைத்து, அந்தப் பெண்ணின் கோபத்துக்குச் சொல் கொடுத்த மொழி நம்முடையது. இடையில் எங்கோ அந்தச் சொற்களைத் தொலைத்துவிட்டு “சகிச்சிக்கிட்டு இரி மகள்” என்ற ஒரு வரியை மட்டும் வைத்துக்கொண்டோம்.

அதுவும் மட்டக்களப்பில் வாயில் மறுப்பதற்குச் சொல்லளவில் மட்டுமல்லாமல் நிஜத்திலும் இடமிருக்கிறது. இங்கே மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வருகிறார், வீடு மகளுக்குச் சீதனமாக எழுதப்படுகிறது. கதவு அந்த மகளுடையது. வைகாசியில் கண்ணகி அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு செய்கிற ஊர்களில், மாதவியிடம் போய்ப் பொருளெல்லாம் தொலைத்துவிட்டு வந்த கோவலனின் கதை தெரியாத பெண் யார்? கண்ணகி அவனை ஏற்றுக்கொண்டாள் என்பதைத்தான் நமக்கு எடுத்துச் சொல்கிறார்கள். அவளிடம் மிஞ்சியது காற்சிலம்பு மட்டும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

சிலம்பு என்றதும் காசுக்கு வருகிறேன். ஒரு வீட்டில் சந்தேகம் பெரும்பாலும் காசில்தான் முதலில் தலை காட்டுகிறது. சீட்டுக்காசு குறைகிறது. அடகு வைத்த காப்பு மீட்கப்படவில்லை. போன் கணக்குக்கு ஆயிரம் ஆயிரமாகக் காசு போயிருக்கிறது. இப்போது இணையத்தில் புதிதாக ஒரு பொறி இருக்கிறது. அழகான படத்தோடு ஒரு பெண் பேசுவார், வீடியோ அழைப்புக்கு வரச் சொல்வார், ஆணின் உடலைப் பதிவு செய்வார். பிறகு “உன் மனைவிக்கு அனுப்புவேன்” என்று காசு கேட்பார். அந்தப் பக்கம் இருப்பது பெண்ணே இல்லாமலும் இருக்கலாம். வாழைச்சேனைப் பக்கத் தம்பி ஒருவர் மோட்டார் சைக்கிளை விற்றுக் கட்டினார். கட்டக் கட்டக் கேட்டார்கள். இப்படி மாட்டினால் ஒரு ரூபாயும் அனுப்பாதீர்கள். பேச்சை அழிக்காமல் படமெடுத்து வையுங்கள், பொலிஸில் முறையிடுங்கள், வீட்டில் நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். மிரட்டுகிறவனின் கையில் உள்ள ஒரே ஆயுதம் மனைவிக்குத் தெரியாது என்பதுதான்.

காசுக்கு அடுத்தது ஒப்பீடு. காசு கொடுத்து வாங்கும் நேரத்தில் எதிரில் இருப்பவர் களைப்படையமாட்டார், பிள்ளை அழாது, மாமியார் கூப்பிடமாட்டார். சிரிப்பும் பாராட்டும் அந்த விலைக்குள் அடங்கும். அதை உண்மையான ஆசை என்று எடுத்துக்கொண்ட ஆண், பகல் முழுக்க வேலை செய்து களைத்த மனைவியைப் பார்த்து “உனக்கு என்மேல் விருப்பமில்லை” என்கிறார். மனைவிக்கு எதனால் இந்தக் குற்றச்சாட்டு என்று விளங்குவதில்லை. தன் உடம்பில்தான் குறை என்று நினைக்கத் தொடங்குகிறார். இந்த இடத்தில் நான் கண்டிப்பாகச் சொல்வேன்: கணவர் போனதற்கு மனைவியின் நிறமோ எடையோ வயதோ காரணம் இல்லை. அழகான மனைவியரின் கணவர்களும் போகிறார்கள், சந்தோசமாக வாழ்கிறவர்களும் போகிறார்கள். கேட்டால் வேறு வேறு பதில் வரும். கூட்டாளிமாரின் கேலிக்குப் பயந்து போனவர் உண்டு. குடித்த பிறகு நினைவில்லை என்பவர் உண்டு. ஒருவர், பேசுவதற்கு ஆள் தேடித்தான் போனேன் என்றார். வீட்டில் பேச முடியாததை அங்கே பேசினாராம். அவர் பொய் சொல்லவில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அவர் மனைவியும் அதே வீட்டில் பேச ஆளில்லாமல்தான் இருந்தார்.

எல்லாவற்றையும் விட ஆழமாக வெட்டுவது மறைத்தது. என்னிடம் வரும் மனைவியர், காதலியர் ஏறக்குறைய எல்லோரும் ஒரு கட்டத்தில் இதையே கேட்கிறார்கள்: “அண்டைக்கு என்னோட சிரிச்சிச் சிரிச்சிக் கதைச்சதும் பொய்யா?” நடந்த ஒரு இரவு மட்டும் உடைவதில்லை. அதற்கு முன்னும் பின்னும் இருந்த நாட்களையும் அவர் ஒவ்வொன்றாகத் திரும்ப எடுத்துப் பார்க்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் “ஒருக்காத்தானே போனன்” என்ற சமாதானம் எடுபடுவதில்லை.

எல்லை எங்கே என்பது ஆளுக்கு ஆள் வேறு. கணவர் பாருக்குப் போவது ஒரு வீட்டில் ஒன்றுமேயில்லை, இன்னொரு வீட்டில் பெரிய துரோகம். மசாஜ்? ஆட்டம் பார்ப்பது? போனில் படம் பார்ப்பது? இதற்கு ஊர்ச் சபை கூடித் தீர்ப்புச் சொல்லத் தேவையில்லை. இரண்டு பேரும் உட்கார்ந்து, எது எனக்கு வலிக்கும், எது பரவாயில்லை என்று பேசி வைத்துக்கொள்ள வேண்டும். கலியாணத்துக்கு முன் பொருத்தம் பார்க்கிறோம், வீடு எத்தனை சதுர அடி என்று பேசுகிறோம். இந்தப் பேச்சுக்கு அரை மணித்தியாலம் போதும். வெளிநாடு போகிறவரை வழியனுப்ப முன்னும் அந்த அரை மணித்தியாலம் வேண்டும்.

ஒரு விடயத்தில் மட்டும் பேரம் இல்லை. விருப்பமில்லாத மனைவியைக் கட்டாயப்படுத்துவதும், “அங்கே செய்தார்கள், நீயும் செய்” என்று அடிப்பதும் வன்முறை. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். மகளிர் உதவிக்கு 1938. கடன் அதிகாரியோ வேறு உத்தியோகத்தரோ வேலையை முடித்துத்தரப் பாலியல் உறவு கேட்டால் அது பாலியல் இலஞ்சம். 2023ஆம் ஆண்டின் ஊழல் எதிர்ப்புச் சட்டம் அதைக் குற்றமாகச் சொல்கிறது. இலஞ்ச ஊழல் ஆணைக்குழுவின் இலக்கம் 1954.

உடம்பைப் பற்றி

பயத்தில் எல்லோரும் எயிட்ஸ் என்று ஒன்றை மட்டும் நினைக்கிறார்கள். இலங்கையில் எச்.ஐ.வி. குறைவுதான். 2019இல் தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் தொற்றுவதை ஒழித்த நாடு என்று உலக சுகாதார நிறுவனம் நமக்குச் சான்றிதழ் தந்தது. கர்ப்பிணிக் கிளினிக்கில் எடுக்கும் இரத்தத்தில் இந்த இரண்டும் பார்க்கப்படுகின்றன. எச்.ஐ.வி. வந்தாலும் ஒழுங்காக மருந்து எடுத்து, இரத்தத்தில் கிருமி கண்டுபிடிக்க முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே இருந்தால், பாலுறவில் துணைக்குத் தொற்றாது. மருந்து இலவசம்.

ஆனால் கொனோரியா, கிளமிடியா, சிபிலிஸ், ஹெப்படைட்டிஸ் பி போன்றவையும் உண்டு. கொனோரியாவும் கிளமிடியாவும் பெண்களுக்கு அறிகுறியே காட்டாமல் உள்ளே இருந்து பிள்ளைப்பேற்றையே தடுத்துவிடலாம். சிபிலிஸ் புண் வலிக்காது, தானாக ஆறும். ஆறிவிட்டதே என்று விட்டால் நோய் உள்ளே இருக்கும். பெனிசிலின் ஊசியால் குணப்படுத்தலாம். ஆணுறை இவற்றில் பெரும்பாலானதை நன்றாகத் தடுக்கும். தோலோடு தோல் பட்டுப் பரவும் நோய்களை மட்டும் முழுதாகத் தடுக்காது.

அரசாங்க ஆஸ்பத்திரிகளில் பாலியல் நோய்க் கிளினிக் இருக்கிறது. மட்டக்களப்பு போதனா வைத்தியசாலையிலும் உண்டு. காசு வாங்கமாட்டார்கள், விடயம் இரகசியமாக இருக்கும். பாதுகாப்பில்லாத உறவு நடந்து 72 மணித்தியாலத்துக்குள் போனால், எச்.ஐ.வி. தொற்றாமல் தடுக்க 28 நாள் மருந்து தேவையா என்று வைத்தியர் பார்ப்பார். அந்த மூன்று நாளை வெட்கத்தில் கழித்துவிடாதீர்கள். இரத்தப் பரிசோதனை இப்போது ஒருமுறை, மூன்று மாதம் கழித்து மறுமுறை. தொற்றின் தொடக்கத்தில் பரிசோதனைக்குப் பிடிபடாத காலம் ஒன்று இருக்கிறது, அதற்காகத்தான். அந்த மூன்று மாதமும் ஆணுறை வேண்டும்.

எப்படிக் கேட்பது, எப்படிச் சொல்வது

அந்தத் தங்கச்சியிடம் நான் கேட்டேன்: “பட்டியக் கண்டதும் என்ன கேட்டீங்க?” “எவளோட போன எண்டு கேட்டன்” என்றார். அப்படிக் கேட்டால் யாரும் ‘ஒன்றுமில்லை’ என்றுதான் சொல்வார்கள். பிள்ளைகள் தூங்கிய பிறகு, அவர் குடித்திராத ஒரு நாளில், பட்டியை முன்னால் வைத்து “நான் மூண்டு நாளா நித்திரை கொள்ளல்ல. என்ன நடந்த எண்டு எனக்குத் தெரிய வேணும். எனக்கு என்ர உடம்பையும் பார்க்க வேணும்” என்று மட்டும் சொல்லச் சொன்னேன். பெயர், இடம், எப்படி இருந்தாள் என்றெல்லாம் தோண்ட வேண்டாம் என்றும் சொன்னேன். அந்தப் படங்கள் மனதில் விழுந்தால் அழிப்பது கஷ்டம். எப்போது, எத்தனை தடவை, பாதுகாப்பு இருந்ததா, எவ்வளவு காசு, இனி என்ன என்று கேட்டால் போதும்.

சொல்ல வேண்டியவர் நீங்கள் என்றால், துண்டு துண்டாகச் சொல்லாதீர்கள். இன்று பாதி, அடுத்த மாதம் மீதி என்றால் ஒவ்வொரு தடவையும் அவர் முதலிலிருந்து விழுகிறார். ஒரே முறையில் சொல்லுங்கள். கிளினிக்குக்கு நீங்கள் முதலில் போய்விட்டு வந்து சொன்னால் இன்னும் நல்லது. குடியில்தான் போனேன் என்றால், குடிக்கு என்ன செய்யப் போகிறேன் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். மன்னிப்பு எந்த நாளுக்குள் கிடைக்க வேண்டும் என்று கெடு வைக்காதீர்கள். தனியாகப் பேச முடியாவிட்டால் பிரதேச செயலகங்களில் உளவளத்துணை உத்தியோகத்தர் இருக்கிறார். மனம் தாங்காத இரவென்றால் 1926க்கு அழைக்கலாம். மாமா, பெரியப்பா என்று ஊரைக் கூட்டுவதை மட்டும் கடைசியாக வையுங்கள். வாயில்கள் அதிகமானால் வீட்டுக் கதை சந்திக்குப் போகும்.

பிரிவதா சேர்ந்திருப்பதா என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. பிரிந்து நன்றாக இருப்பவர்களைத் தெரியும், சேர்ந்து நன்றாக இருப்பவர்களையும் தெரியும். பிள்ளைகளுக்காக என்று சேர்ந்திருந்து, இருவரும் பேசாமலே ஒரே கூரைக்குக் கீழ் வயதாகிக்கொண்டிருப்பவர்களையும் தெரியும்.

இரண்டு வாரம் கழித்து அந்தத் தங்கச்சி கணவரோடு வந்தார். அருகம்பே பார்ட்டி வெறும் பார்ட்டிதான். ஆனால் பேச ஆரம்பித்ததும் கணவர் வேறொன்றைச் சொல்லியிருக்கிறார். போன வருடம் கொழும்பில் கட்டட வேலைக்கு நின்றபோது, கூட்டாளிமாரோடு ஒரு மசாஜ் நிலையத்துக்கு இரண்டு தடவை போயிருக்கிறார். பட்டிக்குப் பயந்து ஒளித்தது அதனால்தான். தங்கச்சியும் அன்று இரவே கதவைப் பூட்டிவிட்டார். கணவர் ஐந்து நாள் தன் தாய் வீட்டில் இருந்தார். பிறகு கிளினிக்குக்கு இருவரும் ஒரே ஓட்டோவில், ஒரு வார்த்தையும் பேசாமல் போயிருக்கிறார்கள். தங்கச்சிக்கு ஒன்றுமில்லை. கணவருக்குச் சிபிலிஸ் கண்டுபிடித்து ஊசி தொடங்கியிருந்தார்கள். அவர் தலையைக் குனிந்தபடி நகத்தைச் சுரண்டிக்கொண்டிருந்தார்.

தங்கச்சி கைப்பையிலிருந்து கலண்டர் தாள் ஒன்றை எடுத்துக் காட்டினார், அடுத்த பரிசோதனை நாளைச் சுற்றிச் சிவப்புப் பேனையால் வட்டம் போட்டிருந்தார். “அண்டைக்கு வேலைக்குப் போகாம நில்லுங்க எண்டு சொல்லிட்டன் அக்கா. மறுகா எதுவெண்டாலும் அதுக்குப் பிறகு கதைப்பம்” என்றார். கணவர் “ஓம்” என்றார்.

இருவரும் எழுந்தார்கள். வாசலில் செருப்புப் போடும்போது அவர் குடையை எடுத்துக் கொடுக்கக் கை நீட்டினார். தங்கச்சி வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.